அயோவாச் சிற்றூரில் பிள்ளைப் பருவம் (1945–1960): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஊர், எந்தக் காலம்?

அமெரிக்காவின் நடுப்பகுதியில், மிசிசிப்பி ஆற்றுக்கும் மிசௌரி ஆற்றுக்கும் இடையே இருக்கிறது அயோவா மாநிலம். அங்கே 500 முதல் 3,000 பேர் வரை வாழ்ந்த ஊர்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். காலம், இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-லிருந்து 1960 வரை. பழைய படங்களில் வரும் வெள்ளை மரவேலியும் புல்வெளியும் உண்மைதான். ஆனால் அவற்றை மட்டும் பார்த்தால் அந்த வாழ்க்கை பிடிபடாது. அந்த ஊர்கள் பிள்ளைகளை நம்பி வேலை கொடுத்தன. உலைக்குக் கரி போடுவது, துணி பிழிவது, பேப்பர் போடுவது, வயலில் பூ கிள்ளுவது எல்லாம் பெரியவர்களின் வேலையில் ஒரு பங்கு. பிள்ளை செய்யாவிட்டால் அந்த வேலை நடக்காது. கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அந்த வேலைகளைப் பற்றியே இருக்கும்.

ஊரின் அமைப்பு எப்படி இருக்கும்?

முதலில் ரயில் பாதை. அதை ஒட்டி ‘எலிவேட்டர்’ என்று அங்கே சொல்லும் உயரமான தானியக் கிடங்கு. பல மைல் தொலைவிலிருந்தே கண்ணில் படுவது அதுவும் ஊர்த் தண்ணீர்த் தொட்டியும்தான். இரண்டு மூன்று பிளாக் நீளத்துக்கு மெயின் ஸ்ட்ரீட்: வங்கி, மளிகை, மருந்துக்கடை, இரும்புக்கடை, முடிதிருத்தும் கடை, தீவனக்கடை, முட்டையும் பாலேடும் வாங்கும் கடை. மாநிலத்தில் 99 கவுண்டிகள், அதாவது மாவட்டங்கள். கவுண்டித் தலைநகராக இருக்கும் ஊரில் நடுவே நீதிமன்றம், அதைச் சுற்றிச் சதுரமாகக் கடைத்தெரு. கொஞ்சம் பெரிய ஊராக இருந்தால் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் நன்கொடையில் கட்டிய செங்கல் நூலகம் ஒன்று இருக்கும். மூன்று நான்கு தேவாலயங்கள் நிச்சயம். மெதடிஸ்ட், லூத்தரன், கத்தோலிக்கர் என்ற பிரிவு கல்யாணப் பேச்சு வரை நீளும்.

பிள்ளைகளை நாள் முழுக்க வெளியே விட்டுவிட்டுப் பெற்றோர் எப்படி நிம்மதியாக இருந்தார்கள்?

ஊரே கண்காணித்தது. தீயணைப்பு நிலையத்தின் சங்கு நண்பகலில் ஒருமுறை ஊதும், பல ஊர்களில் மாலை 6 மணிக்கும் ஊதும். சங்கு கேட்டால் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான் விதி. சில ஊர்களில் இரவு 9 மணிச் சங்கு பிள்ளைகளுக்கான ஊரடங்கு. இடைப்பட்ட நேரத்தில் யார் வீட்டுப் பிள்ளை எங்கே சைக்கிளைச் சாய்த்து வைத்திருக்கிறது என்று கடைக்காரருக்கும் தபால்காரருக்கும் தெரியும். தப்பு செய்தால், பிள்ளை வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

இதற்கு ஒரு விலை இருந்தது. ஊரோடு ஒட்டாத பிள்ளைக்கும், குடிகாரத் தகப்பன் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும் அதே கண்கள் பெரும் சுமை.

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கியது யார்?

பெரும்பாலும் வீட்டின் மூத்த பையன். 1950 வாக்கிலும் பல வீடுகளின் பேஸ்மென்ட்டில், அதாவது தரைக்குக் கீழே உள்ள அறையில், நிலக்கரி உலைதான். உலையிலிருந்து பருத்த தகரக் குழாய்கள் நாலாபுறமும் மேலே போகும். மின்விசிறி கிடையாது. சூடான காற்று தானாக மேலேறி, தரையில் பதித்த இரும்புச் சல்லடை வழியாக அறைக்குள் வரும். காலையில் அந்தச் சல்லடை மேல் நின்று உடை மாற்றுவதற்கு அண்ணன் தம்பிகளுக்குள் போட்டி.

கரி லாரியில் வரும். பேஸ்மென்ட் ஜன்னலில் சரிவுத் தகடு வைத்துக் கரி அறைக்குள் கொட்டிவிட்டுப் போவார்கள். நடுத்தர வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்குப் பல டன் வேண்டும். அயோவாவிலேயே வெட்டியெடுத்த கரி விலை மலிவு, ஆனால் கந்தகம் அதிகம். புகையும் நாற்றமும் கூடுதல், சாம்பலும் சீக்கிரம் உருகிக் கட்டியாகும்.

காலை வேலை இந்த வரிசையில் நடக்கும். கீழ்த் தட்டைக் குலுக்கிச் சாம்பலை இறக்க வேண்டும். கீழே சிவப்புப் பொறி விழத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் குலுக்கினால் நல்ல தணலும் கொட்டிப் போகும். பிறகு உருகி இறுகிய சாம்பல் கட்டிகளை நீளமான இடுக்கியால் எடுக்க வேண்டும். அடுத்து காற்றுக் கதவைத் திறந்து, தணல் பிரகாசமான பிறகு கரி போட வேண்டும். இரவில் நெருப்பை ‘மூடி வைப்பது’ தனிக்கலை. தணலை ஒரு பக்கமாகச் சரித்து, அதன் மேல் கனமாகக் கரி போட்டு, ஒரு மூலையில் மட்டும் சிவந்த தணல் வெளியே தெரியும்படி விட்டு, காற்றைக் குறைத்துவிட்டுத் தூங்கப் போக வேண்டும்.

அந்த மூலையை ஏன் விட வேண்டும்? புதுக் கரியிலிருந்து முதலில் எரிவாயு கிளம்பும். தணல் வெளியே தெரிந்தால் அந்த வாயு உடனுக்குடன் எரிந்துவிடும். முழுக்க மூடிவிட்டால் வாயு உலைக்குள் சேர்ந்து, பிறகு ஒரேயடியாகப் பற்றி, உலைக் கதவு தெறித்துத் திறந்து, வீடெல்லாம் கரிப்புகை. புகைபோக்கித் தகட்டை அளவுக்கு மீறி அடைத்தால் அதைவிட மோசம். கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும், அதற்கு வாசனை கிடையாது. நெருப்பை அடிக்கடி கிளறினால் சாம்பல் சூடான பகுதிக்குள் போய் உருகிக் கட்டியாகிவிடும். அதனால் ‘கிளறாதே’ என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் அதட்டல்.

சாம்பலை வாளியில் எடுத்து, உறைந்து வழுக்கும் நடைபாதையில் தூவுவதும் பையன் வேலைதான். வசந்தத்தில் சுவர்த்தாளில் படிந்த கரியை ஒரு மாவுக்கட்டியால் ஒற்றியெடுப்பார்கள். வீடுகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறியதும் அந்த மாவை வாங்க ஆளில்லை. சின்சினாட்டியில் அதைத் தயாரித்தவர்கள் 1950களின் நடுவில் அதையே பிள்ளைகளின் விளையாட்டுக் களிமண்ணாக விற்றார்கள். அதுதான் ‘ப்ளே-டோ’.

திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள் என்பது ஏன்?

ஞாயிறு உடுத்தியது அழுக்காகியிருக்கும், ஞாயிறு சமைத்தது மிச்சமிருக்கும், அதனால் திங்களன்று அடுப்படி வேலை குறைவு. செவ்வாய் இஸ்திரி.

பிழியும் உருளை வைத்த வாஷிங் மெஷின்தான் அன்று வழக்கம். அந்த மெஷினுக்குப் பேர்போன மேடேக் நிறுவனம் அயோவாவின் நியூட்டன் ஊரில் இருந்தது. ஒரே தொட்டி வெந்நீரில் வீட்டுத் துணி முழுக்கத் துவைக்க வேண்டும் என்பதால் வரிசை முக்கியம்: முதலில் வெள்ளை, பிறகு வெளிர்நிறம், அடுத்து அடர்நிறம், கடைசியில் வயல் வேலைக்குப் போட்ட டெனிம் ஓவரால். ஒவ்வொரு துணியும் உருளை வழியாக அலசும் தொட்டிக்கு, அங்கிருந்து நீலம் கலந்த இரண்டாவது தொட்டிக்கு, பிறகு கொடிக்கு.

அயோவாவின் நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறியது. கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிந்து துணியில் படியும், வெள்ளை சாம்பல் நிறமாகும். அதனால் கூரை மழைநீரை நிலத்தடித் தொட்டியில் சேர்த்து, துவைக்க மட்டும் அதை இறைப்பார்கள். 1946-ல் டைட் போன்ற டிடர்ஜென்ட் பவுடர் வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது.

உருளையில் துணியை நுழைப்பது எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் பழக்கம். பொத்தான் உள்பக்கம் போகும்படி மடித்து விட வேண்டும், இல்லாவிட்டால் பொத்தான் நொறுங்கும். தளர்ந்த சட்டைக்கை, ஈரக்கை, நீண்ட கூந்தல் மூன்றும் ஆபத்து. உருளை விரலைப் பிடித்தால் இழுக்கக் கூடாது. மேலே இருக்கும் விடுவிப்புத் தகட்டை அடித்தால் உருளைகள் விலகும். மெஷினைத் தொடுவதற்கு முன் பிள்ளைக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் அதுதான். ஆனாலும் முழங்கை வரை சிக்கிய பிள்ளைகள் மருத்துவரிடம் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

ஒரே தொலைபேசிக் கம்பியைப் பல வீடுகள் பகிர்ந்ததாகச் சொல்கிறார்களே?

ஆம், அதற்குப் பெயர் பார்ட்டி லைன். ஊருக்குள் இரண்டு அல்லது நான்கு வீடுகள், வயல்வெளிப் பக்கம் எட்டு பத்து வீடுகள், சில இடங்களில் இன்னும் அதிகம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மணி: ஒரு நீளம் இரண்டு குட்டை, இரண்டு நீளம் ஒரு குட்டை என்று. மணி எல்லா வீட்டிலும் அடிக்கும், உங்கள் கணக்கு வந்தால் மட்டும் எடுக்க வேண்டும். எல்லாரையும் அழைக்கும் பொதுமணியும் உண்டு. அது தொடர்ந்து அடித்தால் தீ, சூறாவளி, அல்லது யாரோ ஒரு பிள்ளையைக் காணவில்லை.

பழைய சுவர்ப் பெட்டித் தொலைபேசியில் கைப்பிடியைச் சுற்றினால் மணி போகும். பேச்சுக்கு மின்சாரம் தருவது பெட்டிக்குள் இருக்கும் உலர் பேட்டரிகள். பேட்டரி தேய்ந்தால் நீங்கள் பேசுவது மறுமுனையில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். ஒட்டுக்கேட்பது சாதாரணம். ஆனால் ஒவ்வொருவர் எடுக்கும்போதும் குரலின் வலு கொஞ்சம் குறையும், அவர்கள் வீட்டுக் கடிகாரச் சத்தமும் சேர்ந்து கேட்கும். அதை வைத்தே யார் கேட்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இணைப்புப் பலகையில் இருந்த பெண் ஊரின் தகவல் மையம். மருத்துவரைக் கேட்டால், அவர் எந்த வீட்டில் பிரசவம் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும், அங்கேயே இணைப்பாள். டயல் வந்ததும் இது முடிந்தது. நாட்டின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நேராக டயல் செய்யும் வசதி 1951-ல் நியூஜெர்சியில் தொடங்கினாலும், சிற்றூர்களுக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின.

பேப்பர் போடும் பையனுக்கு எவ்வளவு கிடைக்கும்?

இதில் பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று: அவனுக்குச் சம்பளம் கிடையாது. அவன் குட்டி வியாபாரி. பத்திரிகையிடமிருந்து மொத்த விலைக்கு வாங்கி, சில்லறை விலைக்கு விற்பான். 1938-ன் தொழிலாளர் சட்டம் குழந்தைத் தொழிலுக்குத் தடை போட்டது, ஆனால் 1949-ல் அதில் செய்த திருத்தம் பேப்பர் விநியோகத்துக்கு விலக்கு கொடுத்தது.

கணக்கை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். 50 வீடு, வாரச் சந்தா 40 சென்ட், மொத்த விலை 28 சென்ட். எல்லாரும் கொடுத்தால் வாரம் 6 டாலர் லாபம். மூன்று வீடுகள் கொடுக்காவிட்டால்? பத்திரிகைக்கு 50 பிரதிக்கும் 14 டாலர் கட்டியாக வேண்டும். வசூல் 18 டாலர் 80 சென்ட். கையில் நிற்பது 4 டாலர் 80 சென்ட். மூன்றே வீடு லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதனால் வசூல்தான் தொழிலின் உயிர். வெள்ளி மாலையோ சனி காலையோ வீடு வீடாகப் போக வேண்டும். வீட்டுக்காரரிடம் ஓர் அட்டை, பையனிடம் வளையத்தில் கோத்த அதே போன்ற அட்டை. பணம் கொடுத்ததும் இரண்டிலும் துளை போடுவான். துளை போடாமல் பணம் வாங்கினாலும், வாங்காமல் துளை போட்டாலும் அடுத்த வாரம் சண்டை நிச்சயம்.

அயோவாவில் காலைப் பத்திரிகை என்றால் டெ மாயின் ரெஜிஸ்டர், மாநிலம் முழுக்கப் போகும். விடியற்காலை கட்டு வந்து இறங்கும். கம்பியை வெட்டி முதலில் எண்ண வேண்டும், குறைந்தால் உடனே சொல்லியாக வேண்டும். மெல்லிய பேப்பரை மூன்றாக மடித்து, திறந்த முனையைப் பழைய மடிப்புக்குள் செருகினால் ரப்பர் பேண்ட் வேண்டாம், சைக்கிளிலிருந்தே திண்ணைக்கு வீசலாம். செருகல் தளர்ந்தால் காற்றில் பிரிந்து புல்வெளியெங்கும் பறக்கும். மளிகை விளம்பரம் வரும் நாளில் பேப்பர் தடிமன், செருகவே முடியாது. மழையிலும் பனியிலும் வீசக்கூடாது, வலைக்கதவுக்கும் மரக்கதவுக்கும் நடுவில் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பின் கனம் சைக்கிளைச் சாய்த்துவிடும். அதனால் இழுவண்டி, பனிக்காலத்தில் சறுக்குப்பலகை. பாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்துக்கு 20 டிகிரி கீழே, அதாவது மைனஸ் 29 செல்சியஸில், சைக்கிள் சங்கிலியின் கிரீஸ் இறுகிவிடும். அன்று நடைதான்.

அந்தப் பணத்துக்கு அன்று என்ன மதிப்பு?

கோகோ கோலா பாட்டில் 5 சென்ட், காமிக்ஸ் புத்தகம் 10 சென்ட், கடிதத் தபால்தலை 1958 வரை 3 சென்ட். பெரியவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி 1950-ல் மணிக்கு 75 சென்ட், 1956-ல் 1 டாலர்.

கோடையில் மக்காச்சோள வயலில் பிள்ளைகளுக்கு என்ன வேலை?

வீரிய விதை உற்பத்தி. 1926-ல் ஹென்றி வாலஸ் தொடங்கிய விதைக் கம்பெனி அயோவாவிலிருந்துதான் வளர்ந்தது. இரண்டு ரகங்களை ஒரே வயலில் விதைப்பார்கள். உதாரணமாக நான்கு வரிசை பெண் ரகம், ஒரு வரிசை ஆண் ரகம். பெண் ரகச் செடியின் உச்சியில் வரும் ஆண் பூங்கொத்தை மகரந்தம் கொட்டும் முன் பிடுங்கிவிட்டால், அதன் கதிரில் பக்கத்து வரிசை மகரந்தம் மட்டுமே சேரும். அதுதான் வீரிய விதை. ஜூலையில் இரண்டு மூன்று வாரத்துக்குள் முடித்தாக வேண்டும், எந்திரத்தால் அன்று நேர்த்தியாகச் செய்ய முடியாது. அதனால் ஊர்ப் பிள்ளைகள் கூட்டமாகப் போவார்கள், பெண்பிள்ளைகளும் உண்டு.

செடி தலைக்கு மேல் நிற்கும். விடியலில் இலையெல்லாம் பனி, பத்து நிமிடத்தில் ஆள் தொப்பலாக நனைந்துவிடுவார். பத்து மணிக்கு மேல் வெயிலில் வேகும். இலையின் ஓரம் ரம்பம், வெற்றுக்கையோடு போனால் கையும் கழுத்தும் தடித்துச் சிவக்கும். முழுக்கைச் சட்டை, கழுத்தில் கைக்குட்டை, தொப்பி, கையுறை அவசியம். காலையில் நனையாமலிருக்கக் குப்பைப் பையில் துளை போட்டு மாட்டிக்கொள்வது பின்னால் வந்த பழக்கம். பூவை மட்டும் நேர்மேலாக உருவ வேண்டும். இலைகளும் சேர்ந்து வந்தால் விளைச்சல் குறையும். பூவை விட்டுவிட்டால் அந்த ஒரு செடியே சுற்றியுள்ள விதையைக் கெடுத்துவிடும். ஆகவே மேற்பார்வையாளர் பின்னாலேயே எண்ணிக்கொண்டு வருவார், ஒரே வயலை இரண்டு மூன்று முறை நடந்து பார்ப்பார்கள்.

சனிக்கிழமை இரவுக்கு ஏன் அவ்வளவு மவுசு?

அன்றுதான் பண்ணைக் குடும்பங்கள் ஊருக்குள் வரும். வண்டியில் முட்டைப் பெட்டியும் பாலேட்டுக் கேனும். கடையில் முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, பாலேட்டில் கொழுப்பு எவ்வளவு என்று சோதித்து விலை போடுவார்கள். அந்தப் பணத்தில் மளிகை. பல வீடுகளில் அது தாயின் தனிக் கணக்கு. கடைகள் ஒன்பது பத்து மணி வரை திறந்திருக்கும். மெயின் ஸ்ட்ரீட்டில் நல்ல இடம் கிடைக்க மதியமே காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போனவர்கள் உண்டு. இரவில் காரில் உட்கார்ந்தபடி போகிறவர் வருகிறவரைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. பூங்காவில் ஊர் பேண்டு வாசிக்கும். அதற்காக ஊர்கள் வரி வசூலிக்கலாம் என்று 1921-லேயே அயோவா சட்டம் போட்டது. சில ஊர்களில் கடைக்காரர்கள் சேர்ந்து, கட்டடச் சுவரில் இலவசப் படம் காட்டுவார்கள்.

வீட்டிலேயே ஐஸ்கிரீம் செய்தது எப்படி?

மரவாளிக்குள் தகரக் கேன், அதற்குள் துடுப்பு, மேலே கைப்பிடி. கேனில் பாலேடு, பால், சர்க்கரை, முட்டை, வெனிலா கலவையை மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். உறையும்போது காற்று சேர்ந்து பொங்கும். சுற்றிலும் நொறுக்கிய ஐஸ் எட்டுப் பங்குக்குக் கல்லுப்பு ஒரு பங்கு. ஐஸை இன்னும் குளிர்ந்த உப்புநீராக உருக வைப்பது உப்பு. உப்பு கூடினால் கேனின் ஓரம் வேகமாக உறைந்து ஐஸ்கிரீம் நறநறக்கும், குறைந்தால் உறையவே உறையாது.

முதலில் மெதுவாகச் சுற்ற வேண்டும், கெட்டியாகத் தொடங்கியதும் வேகமாக. கடைசியில் வாளி ஆடாமலிருக்க மடித்த சாக்கைப் போட்டு அதன் மேல் ஒரு சின்னப் பிள்ளையை உட்கார வைப்பார்கள். கைப்பிடி நகர மறுத்ததும் துடுப்பை எடுத்துவிட்டு, ஐஸ் நான்குக்கு உப்பு ஒன்று என்று மாற்றி அடைத்து, ஒரு மணி நேரமாவது இறுகவிட வேண்டும். வாளிப் பக்கத்தில் ஒரு துளை இருக்கும். ஐஸ் துண்டு அதை அடைத்துக்கொண்டால் உப்புநீர் மேலேறி மூடி வழியாகக் கேனுக்குள் போய்விடும். அவ்வளவு உழைப்பும் வீண். சுற்றுகிறவர் அந்தத் துளையில் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

பெண்பிள்ளைகள் விளையாடினார்களா?

இந்தக் கேள்விக்கு அயோவாவைப் போல் பெருமையான பதில் சொல்லக்கூடிய மாநிலம் வேறில்லை. நாட்டின் பெரும்பகுதியில் உயர்நிலைப்பள்ளிப் பெண்களுக்குப் போட்டி விளையாட்டே இல்லாத காலம் அது. பெண்களுக்குக் கூடைப்பந்து ஆகாது என்று பெரிய ஊர்ப் பள்ளிகள் 1925-ல் விலகிக்கொண்டபோது, சிற்றூர்ப் பள்ளிகள் தாங்களே ஒரு சங்கம் அமைத்து நடத்தின.

ஒரு அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் தாக்குதல், மூன்று பேர் தடுப்பு. நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. பந்தை இரண்டே முறை தட்டலாம், பிறகு வீச வேண்டும் அல்லது கூடைக்கு எறிய வேண்டும். தடுப்பில் இருப்பவள் பள்ளிக்காலம் முழுக்க ஒரு புள்ளிகூட எடுக்காமல் ஊரின் நாயகியாக இருக்க முடியும். பெண்களுக்கு ஓட்டம் தாங்காது என்ற பழைய எண்ணத்தில் பிறந்த விதிகள்தான் இவை. ஆனால் ஆட்டம் என்னவோ மின்னல் வேகம். குறுகிய இடத்தில் மூவருக்கு மூவர் என்பதால் ஏமாற்று அசைவும் துல்லிய எறிதலும் கூர்மையாயின. மாநிலப் போட்டிக்கு ஊரே கடையடைத்துவிட்டு மாநிலத் தலைநகர் டெ மாயினுக்குப் போகும். 1955-ல் திறந்த வெட்டரன்ஸ் அரங்கம் ஆயிரக்கணக்கானோரால் நிரம்பும். ஆறுபேர் ஆட்டம் 1993 வரை நீடித்தது.

மற்றபடி வேலி இருந்தது. பள்ளிக்குப் பாவாடைதான் போட வேண்டும். பனிக்காலத்தில் அதற்குள் கால்சட்டை போட்டு வந்து வகுப்பில் கழற்ற வேண்டும். தச்சுப் பட்டறை வகுப்பு பையன்களுக்கு, தையலும் சமையலும் பெண்களுக்கு. பிள்ளைகளுக்கான லிட்டில் லீக் பேஸ்பால் அமைப்பு 1974-ல்தான் பெண்களைச் சேர்த்தது.

ஏழெட்டுப் பேர் மட்டும் இருந்தால் பேஸ்பால் எப்படி ஆடுவது?

வலப்பக்க மைதானத்தை மூடிவிடுவார்கள், அங்கே அடித்தால் அவுட். ஓடியவர் மீண்டும் மட்டை பிடிக்க வேண்டியிருந்தால், அவர் நின்ற இடத்தில் ‘பேய் ஓட்டக்காரர்’ நிற்பதாகக் கணக்கு. மட்டையைத் தூக்கிப்போட்டுப் பிடித்து, கைமேல் கை வைத்து, கடைசிப் பிடி யாருக்கோ அவர் முதலில் ஆள் எடுப்பார். பந்தின் தோல் கிழிந்தால் மின்வேலைக்கான கறுப்பு நாடாவைச் சுற்றுவார்கள். அது கனக்கும், மாலை வெளிச்சத்தில் தெரியாது. உடைந்த மட்டைக்கு ஆணியும் அதே நாடாவும்.

போலியோ பயம் உண்மையில் எவ்வளவு?

கோடையின் மேல் கவிந்த பயம் அது. 1952-ல் நாடு முழுக்க சுமார் 58,000 பேருக்கு வந்தது, 3,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அயோவாவின் சூ சிட்டி கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. எப்படிப் பரவுகிறது என்று பெற்றோருக்குத் தெளிவில்லாததால் எல்லாவற்றையும் தடுத்தார்கள்: நீச்சல் குளம், சினிமா, திருவிழாக் கூட்டம், களைக்கும்படி ஆடுவது. மதியம் கட்டாயத் தூக்கம். காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் உடனே மருத்துவர். மூச்சுத்தசை செயலிழந்தவர்களை இரும்பு நுரையீரல் என்ற உருளைக்குள் படுக்க வைப்பார்கள். உள்ளே காற்றழுத்தம் குறையும்போது மார்பு விரியும், கூடும்போது சுருங்கும். விறைத்த கைகால்களுக்கு வெந்நீரில் தோய்த்துப் பிழிந்த கம்பளித் துண்டு.

1954-ல் சுமார் 18 லட்சம் பள்ளிப் பிள்ளைகள் போலியோவுக்கான சால்க் தடுப்பூசிச் சோதனையில் பங்கேற்றார்கள். 10 சென்ட் நாணயமாக வீடுவீடாகச் சேர்த்த நன்கொடைதான் அதற்குப் பெரும் ஆதாரம். 1955 ஏப்ரல் 12 அன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வெற்றியை அறிவித்தபோது ஊர்களில் தேவாலய மணி அடித்தார்கள்.

டிவி எப்போது வந்தது?

புது நிலையங்களுக்கு உரிமம் வழங்குவதை மத்திய அரசு 1948 முதல் 1952 வரை நிறுத்தி வைத்திருந்தது. அதனால் நடு அயோவாவுக்கு நெடுநாள் ஒரே நிலையம்: ஏம்ஸில் அயோவா ஸ்டேட் கல்லூரி 1950-ல் தொடங்கிய டபிள்யூஓஐ. தூரத்து ஊர்க்காரர்கள் கூரை மேல் உயரக் கம்பம் நட்டு ஆன்டெனா வைத்தார்கள். படம் பனிபோல் பொரிந்தால் சமிக்ஞை வலுவில்லை, இரட்டையாகத் தெரிந்தால் அலை எங்கோ மோதித் திரும்பி வருகிறது. ஆன்டெனாவிலிருந்து வரும் தட்டை வயரை மழைநீர்த் தகரத்தின் மேல் படவிட்டால் பாதிச் சமிக்ஞை அங்கேயே போய்விடும். கம்பத்துக்குத் தரையிணைப்பு இல்லாவிட்டால் இடி நேரத்தில் வீட்டுக்கே ஆபத்து. டிவி நின்றுபோனால் அதன் வால்வுகளைக் கழற்றி மருந்துக்கடைக்கு எடுத்துப்போய், அங்குள்ள சோதனைப் பெட்டியில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பது பையன்களுக்குப் பிடித்த வேலை.

அன்று ஆபத்து என்று தெரியாமல் செய்தவை?

கொசுவுக்கு டிடிடி பூச்சிக்கொல்லிப் புகை அடிக்கும் லாரியின் பின்னால் பிள்ளைகள் ஓடினார்கள். செருப்புக்கடையில் எக்ஸ்ரே பெட்டிக்குள் காலை நீட்டி எலும்பைப் பார்த்தார்கள். பெயின்ட்டிலும் பெட்ரோலிலும் ஈயம். அமெரிக்காவில் டிடிடிக்குத் தடை வந்தது 1972-ல்.

இந்த வாழ்க்கை எல்லாருக்கும் கிடைத்ததா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்ன எல்லாமே பொய்யாகும். அயோவா உள்ளிட்ட மத்திய மேற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் இருட்டுவதற்குள் வெளியேறிவிட வேண்டிய ஊர்கள் இருந்தன. எழுதிய சட்டம் வேண்டியதில்லை, மிரட்டலே போதும். காரில் போகும் கறுப்பினக் குடும்பம் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று பட்டியலிட்ட கையேட்டை நியூயார்க் தபால் ஊழியர் விக்டர் கிரீன் 1936-லிருந்து வெளியிட வேண்டியிருந்தது.

அயோவாவின் உச்ச நீதிமன்றம் 1868-லேயே பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாது என்று சொல்லியிருந்தது. ஆனாலும் 1948 ஜூலையில் டெ மாயின் நகரில் ஐஸ்கிரீமும் சோடாவும் விற்ற காட்ஸ் மருந்துக்கடையில் எட்னா கிரிஃபினுக்கு, கறுப்பினத்தவர் என்பதால், ஐஸ்கிரீம் தர மறுத்தார்கள். அவர் வழக்குத் தொடுத்தார், மறியல் நடத்தினார். 1949-ல் மாநில உச்ச நீதிமன்றம் கடைக்கு எதிரான தீர்ப்பை உறுதிசெய்தது. மருந்துக்கடைச் சோடாவைப் பற்றி ஏங்கி எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும். தெற்கே பக்கத்து மாநிலமான மிசௌரியில் 1954 வரை பள்ளிப் பிரிவினை சட்டமாகவே இருந்தது.

அங்கே அப்போது தமிழர்கள் இருந்தார்களா?

கல்லூரி ஊர்களில் மாணவர்கள் சிலரைத் தவிர இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1946-ன் சட்டம் இந்தியா முழுவதற்குமே ஆண்டுக்கு 100 குடியேற்ற இடங்கள்தான் ஒதுக்கியது. 1965-ன் சட்டத்துக்குப் பிறகே நிலைமை மாறியது. வேறொரு தொடர்பு உண்டு: 1954-ன் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில், அந்த மத்திய மேற்குச் சமவெளியின் உபரித் தானியம் நம் ரேஷன் கடைகள் வரை வந்தது.

அந்த ஊர்கள் ஏன் மாறின?

பண்ணைகள் பெரிதாயின, குடும்பங்கள் குறைந்தன. டிராக்டரும் களைக்கொல்லியும் வந்தபின் அதே நிலத்துக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. 1956-ன் நெடுஞ்சாலைச் சட்டம் போட்ட 80-ஆம் எண் சாலை மெயின் ஸ்ட்ரீட்டுகளைத் தொடாமல் போனது. பயணிகள் ரயில் நின்றது, நிலையம் பூட்டப்பட்டது. பெரிய அடி பள்ளியில் விழுந்தது. 1950களின் தொடக்கத்தில் அயோவாவில் 4,000-க்கும் அதிகமான பள்ளி மாவட்டங்கள் இருந்தன. 1960களின் இறுதியில் 500-க்கும் குறைவு. பள்ளி போன ஊரில் அணி போனது, அணியோடு வெள்ளிக்கிழமை இரவுக் கூட்டம் போனது, ஆசிரியர் குடும்பங்கள் போயின, அவர்களை நம்பியிருந்த மளிகையும் மூடியது. மூடுவதா இணைப்பதா என்ற வாக்கெடுப்பில் அண்டை ஊர்கள் பகைத்துக்கொண்டு, பிறகு இரண்டு ஊர்ப் பெயரையும் கோடு போட்டுச் சேர்த்து ஒரே பள்ளிக்கு வைத்தார்கள். அயோவாவில் இன்றும் அப்படிப்பட்ட இரட்டைப் பெயர்ப் பள்ளிகள் ஏராளம்.